எங்கள் தெருவிலிருந்து அரை கிலோமீட்டர்

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. யாராவது காரணம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சத்தமாகச் சிரிக்கிறாள், ஃபேனுக்கு நேரே இருக்கிற நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாள், இப்படி. உண்மையான காரணம் ஒன்றுதான். பதினொரு நாள் போராடி நான் முடிக்காத வேலையை அவள் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடித்தாள்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். சாலை ஓரமாக ஒரு வாடகை வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நிலத்தடி நீரை ஆராய்கிற ஒரு சின்ன நிறுவனத்தின் கிளை அது. புதுச்சேரியிலிருந்து வந்துபோகும் சார், நான், அப்புறம் அவள். உப்பளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிற கிணறு, கைப்பம்பு, போர்வெல் ஒன்று விடாமல் போய்த் தண்ணீர் எடுத்து, அதில் உப்பு எவ்வளவு என்று அளந்து, அந்த இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் பதிவதுதான் வேலை. இரண்டு வருடம் நான் ஒருத்தியாக ஸ்கூட்டியில் அலைந்து அறுநூறு இடங்களைப் பதிந்திருந்தேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் பம்பு பத்து முறை அடித்த பிறகுதான் தண்ணீர் தரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதெல்லாம் எதற்கு என்றால், உப்புநீரைச் சுத்தப்படுத்திக் குடிநீராக்கும் இயந்திரங்களை மூன்று இடங்களில் வைக்கப்போகிறோம். அது எந்த மூன்று இடம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிணற்றுக்கும் மற்ற ஒவ்வொரு கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்தாக வேண்டும். அப்போதுதான் உப்புக் கிணறுகள் கூட்டமாக இருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா, எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீரே இல்லை என்பதெல்லாம் தெரியவரும். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். பத்துக் கிணறு என்றால் நாற்பத்தைந்து தூரம், சரி. அறுநூறு கிணறு என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை நெருங்குகிறது.

நான் அதை எக்ஸெலில் செய்தேன். மேலே அறுநூறு, பக்கவாட்டில் அறுநூறு, நடுவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நீளமான சூத்திரம். ஃபைலைத் திறந்தால் லேப்டாப் கொதிக்கும். ஒரு வரிசையை இழுத்து நகல் எடுத்தால் திரை வெளுத்து நின்றுவிடும். அது மீள்வதற்குள் கீழே கடைக்குப் போய் வந்துவிடலாம். பதினோராவது நாள் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. எனக்கு அதில் பெருமைதான். புவியியல் படிக்க மூன்று வருடம் புதுச்சேரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள் நான். அம்மாவும் அப்பாவும் உப்பு வாரிப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் லேப்டாப்பில் வேலை பார்க்கிற ஒரே ஆள் நான்.

அவள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"அக்கா, இங்கருந்து அங்க போற தூரமும் அங்கருந்து இங்க வர்ற தூரமும் ஒண்ணுதானே? பாதி போட்டா போதுமே."

எனக்கு முகம் சுட்டது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் போதும் என்கிற இடத்தில் அதைப் போல இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தெரியும். சரி பாக்கறதுக்காகத்தான் ரெண்டு பக்கமும் போடறேன்" என்றேன். பொய்.

"நான் வேணா ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பாக்கட்டுமாக்கா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் சார் அங்கேதான் இருந்தார். அவள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கும் குறைவாக ஏதோ தட்டினாள். எனக்கும் சேர்த்துக் கடையிலிருந்து வந்த டீ அவள் மேஜையில் இருந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. லேப்டாப் சூடாகக்கூட இல்லை.

சார் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என் நாற்காலிக்குப் பின்னால் அவர் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. "அருமைம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே டேட்டா வேலைய அவங்க பாத்துக்கட்டும். நீங்க ஃபீல்டப் பாத்துக்கங்க" என்றார். அவர் மனதில் ஒரு கல்மிஷமும் கிடையாது. அதுதான் இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து எனக்கு அவளைப் பற்றிய எல்லாமே கண்ணில் பட்டன. பக்கத்துப் பிரம்மதேசத்தில் அவள் வீட்டாருக்கு நிலம் உண்டு. ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தாள், சார் உரித்து உரித்துத் தின்றார். நான் இரண்டு வருடமாகக் கொண்டுபோகிற மீன்குழம்பை அவர் மோந்துகூடப் பார்த்ததில்லை, அவருக்கு ஆகாது. அவர்கள் இருவரும் பேசும்போது நடுநடுவே வருகிற கம்ப்யூட்டர் சொற்கள் எனக்குப் புரியாது. புரியாதபோது நான் எழுந்து, தண்ணீர் பிடிக்கிற பாட்டில்களைக் கழுவப் போவேன். வெறும் பாட்டிலை மூன்று முறை கழுவியிருக்கிறேன். அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. ஸ்கூட்டியில் வரும்போது அந்த ஆறு வருடத்தை நான் என்ன செய்தேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வருவேன்.

அவள் கொடுத்த பட்டியலைத் தற்செயலாகத்தான் திறந்தேன். இல்லை, தற்செயல் என்று சொல்லக் கூடாது. ஏதாவது தப்புக் கிடைக்குமா என்று தேடித்தான் திறந்தேன். முதலில் எங்கள் தெருக் கைப்பம்பின் எண்ணை எடுத்தேன். உப்பளத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. இயந்திரம் வைக்கலாம் என்று அவள் கணக்கு தேர்ந்தெடுத்திருந்த இடம் அதற்கு நேர் வடக்கே, உப்பளத்தின் மறு ஓரத்தில். தூரம் அரை கிலோமீட்டர் என்று இருந்தது.

என் எக்ஸெலில் அதே இரண்டு இடத்துக்கும் மூன்று கிலோமீட்டர்.

என்னுடையதுதான் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பதினொரு நாளும் வீண், சூத்திரத்தையே தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று. மதியம் சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன். அந்த வழியில்தானே தினமும் வேலைக்கு வருகிறேன்? அரை கிலோமீட்டருக்கா ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்?

வேறு ஜோடிகளை எடுத்துப் பார்த்தேன். கடற்கரைப் பக்கத்துக் கிணறும் அதற்கு நேர் மேற்கே இருக்கிற கிணறும்: இரண்டு பட்டியலிலும் ஏறக்குறைய ஒரே தூரம். வடக்கு தெற்காக இருக்கிற ஜோடி எதை எடுத்தாலும் அவள் பட்டியலில் சுருங்கிப் போயிருந்தது, ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. கிழக்கு மேற்கு சரி, வடக்கு தெற்கு மட்டும் தப்பு. ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண் உண்டு, அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. எங்கள் ஊருக்கு முதல் எண் பன்னிரண்டு சொச்சம், இரண்டாவது எண்பதுக்குப் பக்கம். அவள் ப்ரோக்ராமில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள். அந்தக் கணக்குப்படி எங்கள் உப்பளம் மொத்தமும் வட துருவத்துக்குப் பக்கத்துப் பனிக்கடலில் கிடந்தது. அங்கே தீர்க்கரேகைகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்துவிடும். அதனால்தான் ஒரு திசையில் மட்டும் தூரம் சுருங்கியிருக்கிறது. வரைபடத்தை அவள் வேறு வழியில் போட்டிருந்ததால் படத்தில் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது.

கண்டுபிடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. எழுந்து சொல்லலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவளும் சாரும் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் என்ன ஆகும்? "அய்யோ, ஆமாங்க்கா" என்பாள், ஒரு வரியை மாற்றுவாள், மறுபடி பட்டனை அழுத்துவாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் இருந்தது. உப்பள முதலாளிகள், பஞ்சாயத்து ஆட்கள், தெரு ஜனம் எல்லோரும் வருவார்கள். அங்கே வெளிப்பட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சார் கேட்டார், "அவங்க கொடுத்த லிஸ்ட்டை சரி பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

அதற்கு மறுநாள் அவளே வந்தாள். "அக்கா, உங்க எக்ஸெல் ஷீட்டக் கொஞ்சம் கொடுங்களேன். என்னோடதோட ஒத்துப்போகுதான்னு பாத்துடறேன். எனக்குப் பயமா இருக்குது."

"அத டெலிட் பண்ணிட்டேன்மா. அதான் உன்னோடது வந்துடுச்சே."

அது என் லேப்டாப்பில்தான் இருந்தது, டெஸ்க்டாப்பிலேயே. அவள் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "சரிங்க்கா" என்று போய்விட்டாள். இந்த இரண்டு பதில்களையும் எத்தனையோ முறை எனக்கு நானே நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மழை வந்து உப்பளத்தில் வேலை நின்றிருந்த சமயம், அதனால் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். அம்மாவும் எங்கள் தெரு ஆட்களோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மகள் மேடையில் இருக்கிறாள் அல்லவா.

ப்ரோக்ராம் எழுதியவள் வரைபடத்தைத் திரையில் காட்டி விளக்கினாள். மூன்று இடங்கள். எந்த வீட்டிலிருந்து நடந்தாலும் ஒரு கிலோமீட்டருக்குள் தண்ணீர். ஓர் உப்பள முதலாளி, தன் நிலத்தில் ஓர் இயந்திரம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து சொன்னார். கைதட்டினார்கள். நான் யாராவது கேட்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது அம்மா.

"ஏம்பா, எங்க தெருவுக்கு இந்த எடமா?" உட்கார்ந்தபடியேதான் கேட்டாள். "இது அரை கிலோமீட்டருன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நாங்க இந்த உப்பளத்துலயே காலு தேஞ்சு போனவங்க. அங்க நடந்து போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆவுது. கொடத்தத் தூக்கிக்கினு வந்தா இன்னும் எவ்ளோ ஆவும்?"

பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "கம்ப்யூட்டரு பறந்து போயிருக்குதுமா" என்றார். இன்னும் சிரிப்பு. மைக்கைப் பிடித்திருந்த அவள் முகம் வெளுத்தது. நான் இதற்காகத்தான் ஐந்து நாள் காத்திருந்தேன். ஆனால் சார் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது உங்க தெருதானே? நீங்க சரி பாத்ததா சொன்னீங்களே?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. என் தெருவுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்கே தெரியாதா? அதற்குள் அவள் மேஜையில் குனிந்து லேப்டாப்பில் எதையோ தேடினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நிமிர்ந்தாள்.

"தப்பு என்னோடதுங்க" என்றாள் மைக்கில். "ரெண்டு நம்பர எடம் மாத்திக் கொடுத்துட்டேன். அக்காவுக்கு இந்தப் ப்ரோக்ராம் தெரியாது, அவங்க மேல தப்பில்ல. அம்மா சொல்றதுதான் சரி. எல்லாத் தூரத்தையும் திரும்பப் போட்டுட்டு வர்றோம். மன்னிச்சுக்கங்க."

கூட்டம் அவளுக்குத்தான் கைதட்டியது. அந்த முதலாளி, "பொண்ணு நேர்மையா பேசுது பாரு" என்றார். தப்புச் செய்தவள் அவள், கைதட்டல் வாங்கியவளும் அவள். எனக்கு அந்த நேரத்திலும் வெட்கத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அவளைப் போல எழுந்து நின்று அப்படிச் சொல்ல எனக்கு வராது என்பதும் அந்தப் பொறாமையில் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்குப் போனால் அம்மா சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். புடவைகூட மாற்றவில்லை.

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது" என்றாள். "நீ மேல உக்காந்துகினு இருக்கிறேன்னு தோணல. உன் வேலைக்கு எதுனா ஆவுமா? அந்த சாரு கோவமா பாத்தாரு."

நான் தட்டை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தேன். அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். மூன்று கிலோமீட்டரை அரை கிலோமீட்டர் என்று தெரிந்தே விட்டவள் நான். அந்தத் தண்ணீரை நாளைக்குச் சுமக்கப்போகிறவள் அம்மா. இதை நான் ஐந்து நாளில் ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. கணக்கில் எங்கள் தெரு ஒரு எண்ணாகத்தான் இருந்தது, அதை எண்ணாகவே வைத்துக்கொண்டேன். "ஒண்ணும் ஆவாதும்மா, நீ சரியாத்தான் கேட்ட" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில், சார் வருவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். எக்ஸெல் ஃபைலையும் திறந்து காட்டினேன்.

"டெலிட் பண்ணிட்டேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"அஞ்சு நாளா."

அவள் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. "நான் மேடையில நிக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்க இல்ல?" என்றாள். "நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். பயமா இருக்குதுன்னு கேட்டேன்." பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். மதியம்தான் வந்தாள். சாரிடம் நானே சொன்னேன். "வேலையப் பாருங்க" என்றார் அவர். அதற்கப்புறம் பல வாரம் நான் கொடுக்கிற எந்த எண்ணையும் அவர் அவளை வைத்து ஒரு முறை சரிபார்த்தார். என் முன்னாலேயே.

இரண்டு எண்களையும் சரியான இடத்துக்கு மாற்றியதோடு வேலை முடியவில்லை. நேர்க்கோட்டில் அளந்தால் கோடு பாத்திகளுக்குள் விழுகிறது. குடத்தோடு யாரும் உப்புப் பாத்திக்குள் இறங்கி நடக்க முடியாது. வரப்புமேல் சுற்றி, ஓடையைக் கடந்து, லாரி போகிற மண்பாதையைப் பிடித்துத்தான் வர வேண்டும். ஆகவே நடக்கிற வழிகளையெல்லாம் பதிய வேண்டியிருந்தது. மூன்று வாரம் நானும் அவளும் சேர்ந்தே நடந்தோம். நான் வழி காட்டினேன், அவள் ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "மேடம், இந்தப் பக்கமா?" "ஆமா." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் வரப்பு சரிந்து முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு ஏறினாள், "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அன்றைக்கும் அவள் ஃபோனில் சார் அழைத்து எதையோ கேட்க, அவள் நின்றபடியே மனக்கணக்காகப் பதில் சொன்னதைப் பார்த்து எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் வந்துபோனது. குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் போலிருக்கிறது.

கடைசியில் இயந்திரம் வைக்கும் இடங்கள் மாறின. ஒன்று எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே வந்தது, இன்னொன்று அனுமந்தைப் பக்கம் தள்ளிப் போனது. அந்த வேலை முடிந்ததும் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அவள் விட்டுப்போன இடத்தில் டேட்டா வேலையும் என்னிடம் வந்தது. நான் ஆசைப்பட்டது கையில் வந்து சேர்ந்தபோது அதைச் செய்யத் தெரியாமல் திணறினேன். அவள் எழுதியதை வரி வரியாகப் படித்து, இணையத்தில் தேடி, உடைத்து, ஒட்டவைத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெரு இயந்திரத்தைத் திறந்த அன்று சார் கூப்பிட்டதால் அவளும் வந்திருந்தாள். அம்மா அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "குடிச்சிப் பாரு, கரிக்குதா?" என்று கேட்டாள். கரிக்கவில்லை. நானும் அவளும் இயந்திரக் கொட்டகையின் நிழலில் நின்றோம். இப்போது என்ன வேலை என்று கேட்டேன். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோகிற வண்டிகளுக்கு வழி போடுவது என்றாள்.

"எத்தன எடம்?"

"லட்சக்கணக்குல."

"எல்லா ஜோடிக்கும் தூரம் போடுவியா?"

"அதெப்படி முடியும்? எல்லா ஜோடிக்கும் போட்டா மெஷினே தாங்காது. பக்கத்துல இருக்கற இடத்த மட்டும் தேடி எடுக்கறதுக்கு ஒரு வழி இருக்குது." மொத்த இடத்தையும் இரண்டாகப் பிரித்து, அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்து, தேவையில்லாத பாதிகளை எட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிடுகிற முறை. கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அவளுக்குக் கோபம் முழுதும் தீர்ந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் விளக்க ஆரம்பித்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துபோகிறது. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். பாதிதான் புரிந்தது. முழுக்கப் புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு வெகுநேரம் அந்தத் தலையாட்டல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஃபோனை எடுத்து அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: "மதியம் சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி நடிச்சேன். மறுபடி சொல்றியா?"

படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு உடனே வந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலை பாட்டில்களை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது, திரையில் மூன்று முறை தள்ளிப் படிக்கிற அளவுக்கு நீளமாக.